பிரிஸ்கில்லா அக்கா கொடுத்த கடலை

எங்கள் ஆய்வு மையத்தில் எலி பிடிக்கத் தெரிந்தவர்கள் பத்துப் பேருக்கு மேல் இருக்கிறோம். எல்லோர் விரலிலும் பல் பட்ட தழும்பு உண்டு. என் விரலில் மட்டும் மூன்று. பதினான்கு வருடமாக எலிகளோடு புழங்கும் பிரிஸ்கில்லா அக்காவின் விரலில் ஒன்றுகூடக் கிடையாது. இதைப் பொறாமையோடுதான் சொல்கிறேன்.

உத்திரமேரூரிலிருந்து காஞ்சிபுரம் போகிற சாலையில் எங்கள் மையம் இருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் அரிசி ஆலை என்றுதான் நினைப்பீர்கள். உள்ளே ஏசி போட்ட நீளமான அறையில் வெள்ளை எலிகள் கூண்டு கூண்டாக இருக்கும், பக்கத்து அறையில் கொஞ்சம் முயல்களும். கர்ப்பத்தில் ரத்தக் குழாய்கள் எப்படி மாறுகின்றன, சில தாய்மாருக்கு ஏன் பிபி ஏறுகிறது, அது பிள்ளையை என்ன செய்கிறது என்பவைதான் எங்கள் கேள்விகள். மனுஷியை அறுத்துப் பார்க்க முடியாது, அதனால் எலி.

அக்காவுக்கு விலங்குகள் இருக்கும் கூடத்தில் உதவியாளர் வேலை, ஒப்பந்தத்தில். கூண்டு கழுவுவது, மரத்தூள் மாற்றுவது, தண்ணீர் நிரப்புவது என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும். எழுதாத வேலை ஒன்று உண்டு. பெண் எலிக்கு நாலு நாளைக்கு ஒரு சுற்று. எந்த நாளில் ஆணோடு சேர்த்து விடலாம் என்று கண்டுபிடிக்க, தினமும் காலையில் ஒவ்வொன்றையும் பிடித்து, பிறப்புறுப்பில் இரண்டு சொட்டு உப்புநீரை விட்டு உறிஞ்சி எடுத்து, கண்ணாடித் துண்டில் வைத்து மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டும். எம்.எஸ்ஸி. படித்துவிட்டு வந்த நான் ஒவ்வொரு துண்டுக்கும் ஐந்து நிமிடம் முழிப்பேன். ஒன்பதாம் வகுப்போடு நின்றுபோன அக்கா ஒரு பார்வை பார்த்துவிட்டு, "உமிய தூவினா மேரி கீது. இன்னிக்கு சாயங்காலம் சேத்து வுடலாம்" என்பார். மறுநாள் காலையில் அவர் சொன்னது சரியாக இருக்கும். முதல் ஆறு மாதம் அவரைத் தப்பு என்று நிரூபிக்க நான் செய்யாத முயற்சி இல்லை. ஒருமுறைகூட முடியவில்லை.

எனக்கு மூக்கு மேல் கோபம் வரும். திருமுக்கூடலில் எங்கள் தெருவிலிருந்து முனைவர் பட்டத்துக்குப் போன முதல் ஆள் நான்தான் என்கிற கனம் வேறு தலையில் இருந்தது. சேர்ந்த அன்றே அக்கா, "எந்த ஊரு மேடம்? ஊர்ல எந்தப் பக்கம்?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை எதற்குக் கேட்பார்கள் என்று எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். விறைப்பாகத்தான் பதில் சொன்னேன். "அட, நம்ம ஜனம்!" என்று அவர் சிரித்த சிரிப்பில் என் விறைப்பு போய்விட்டது. அதிலிருந்து நாலு பேர் எதிரில் மேடம், ஆள் இல்லாதபோது தேவி. என் முழுப்பெயர் தேவயானி.

என் ஆய்வைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கர்ப்ப காலத்தில் தாய்க்குப் புரதம் பாதியாகக் குறைந்தால், பிறக்கிற பிள்ளை வளர்ந்து பெரிதான பிறகு அதன் ரத்தக் குழாய் எப்படி இருக்கும்? இதுதான் கேள்வி. பதினாறு கர்ப்பிணி எலிகள். எட்டுக் கூண்டில் பச்சை அட்டை, அவற்றுக்கு முழுத் தீனி. எட்டுக் கூண்டில் மஞ்சள் அட்டை, அவற்றுக்கு வயிறு நிறையும், ஆனால் புரதம் பாதிதான். குட்டி போட்டதும் எல்லோருக்கும் ஒரே சாப்பாடு. குட்டிகள் மூன்றரை மாதம் வளர்ந்த பிறகு வாலில் பட்டை கட்டி பிபி பார்ப்போம். பிறகு அவற்றை வலியில்லாமல் கொன்று, ரத்தக் குழாயில் ஒரு சின்ன வளையம் வெட்டி, வெதுவெதுப்பான உப்புநீரில் இரண்டு கொக்கிகளுக்கு நடுவே மாட்டுவோம். ஒரு மருந்து விட்டால் அது இறுகும். இன்னொரு மருந்து விட்டால் தளரும். நல்ல குழாய் நன்றாகத் தளரும், கெட்டுப்போன குழாய் அடம்பிடிக்கும். இதெல்லாம் கம்ப்யூட்டர் திரையில் ஒரு கோடாக ஏறி இறங்கித் தெரியும்.

மூன்று வருடம் இதற்கான ஏற்பாட்டிலும் வேலையிலும் போனது. கடைசியில் பார்த்தால் பச்சையின் பிள்ளைகளுக்கும் மஞ்சளின் பிள்ளைகளுக்கும் வித்தியாசமே இல்லை. இரண்டு கோடும் ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்திருந்தது. வெளிநாட்டில் இதே ஆய்வைச் செய்தவர்கள் வித்தியாசம் இருக்கிறது என்று எழுதியிருக்கிறார்கள். எங்களுக்கு இல்லை. ஒரு மாதம் கணக்கைத் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்தேன். பிறகு உள்ளுக்குள் எனக்குச் சந்தோஷம்தான். எல்லோரும் சொன்னதற்கு மாறாகச் சொன்னால் நம்மைத் திரும்பிப் பார்ப்பார்கள் அல்லவா? கட்டுரைக்குத் தலைப்புகூட வைத்துவிட்டேன்.

எங்கள் இயக்குநர் கிருஷ்ணசாமி சாருக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்த முடிவையும் எழுதுவதற்கு முன்னால், வாட்ச்மேன் முதல் எல்லோரையும் கூப்பிட்டு உட்கார வைத்து, டீயும் போண்டாவும் கொடுத்துத் தமிழில் சொல்வார். தமிழில் சொல்ல வராத முடிவு தனக்கே புரியாத முடிவு என்பார். அன்றும் சொன்னார்.

"தாய்க்குச் சத்துக் குறைஞ்சாலும் பிள்ளையோட ரத்தக் குழாய்க்குக் கெடுதல் எதுவும் வரலை. நம்ம எலிங்க அப்படித்தான் சொல்லுது."

அக்கா பின்னாலிருந்து கேட்டார். "அப்போ வவுத்துல கீறச்சொல்லோ ஆத்தாக்காரி பட்டினி கெடந்தா, புள்ளைக்கு ஒண்ணும் ஆவாதா சார்?"

"இந்த எலிங்களுக்கு ஆகலைம்மா."

"அத்த அச்சடிச்சி போட்டுருவீங்களா?"

"போடுவோம். உலகம் பூரா படிப்பாங்க."

அக்கா பாதி கடித்த போண்டாவைத் தட்டிலேயே வைத்துவிட்டுக் கை கழுவப் போனார். எண்ணெய் அதிகமாக இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் நான் தராசுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். அக்கா கதவைச் சாத்திவிட்டு வந்து நின்றார்.

"தேவி, அந்த மஞ்ச அட்ட எட்டுக்கும் நான் கடல குடுத்தேன்."

எனக்கு முதலில் விளங்கவில்லை. "எந்தக் கடல?"

"மொயலுக்கு ஊறப் போடுறமே, அந்த கொண்டக்கடல. தெனம் ஆளுக்கு ஒரு புடி. இந்த லேப் கவுன் பாக்கிட்ல போட்டுக்கினு வந்து குடுத்தேன். புள்ள பெக்குற வரைக்கும். செல நாளு எங்கூட்லேர்ந்து அவிச்ச முட்டையும் எட்த்தாந்தேன்."

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பிறகு வாய் மட்டும் ஓடியது. ஆய்வகத்தில் பேசுகிற தமிழெல்லாம் பறந்துபோய் எங்கள் தெருத் தமிழ் வந்துவிட்டது. "இன்னா காரியம் பண்ணிக்கினு வந்து நிக்கிற? மூணு வருசம்! அறிவு கீதா ஒனக்கு? கொல பண்ணிட்டியே என்ன!" என்று கத்தினேன். அதுவரை அவரை நீ என்று நான் சொன்னதில்லை. முக்காலியைத் தள்ளிவிட்டேன், அது உருண்டு போய்ச் சுவரில் முட்டியது. இன்று எழுதும்போதும் கூசுகிறது.

அக்கா முக்காலியை எடுத்து நிமிர்த்தி வைத்தார். "திட்டு. திட்டி முட்ச்சிட்டு கேளு" என்றார்.

"எதுக்குக் குடுத்த?"

"வவுத்துப்புள்ளக்காரி எதுருல நின்னுக்கினு, அவளுக்கு நல்ல சோறு, ஒனக்கு இத்தான்னு எப்டி வெக்கிறது? எங்க காலனில ஒரு முறுக்கு துன்னாகூட, வவுத்துப்புள்ளக்காரி பாத்துட்டா பாதி ஒடச்சி அவ கையில குடுத்துட்டுத்தான் துன்னுவோம். எலின்னா மட்டும் வவுறு இல்லியா? நான் வரச்சொல்லோ எட்டும் கம்பிய புட்ச்சிக்கினு நிக்கும். நீ பாத்ததில்லியா?"

பார்த்திருக்கிறேன். தினமும் பார்த்தேன், எடையும் போட்டேன். மஞ்சள் அட்டைக் கூண்டுகளில் தீனி தினமும் மிச்சமாகிக் கிடந்ததை என் கையாலேயே பதிவேட்டில் எழுதியிருக்கிறேன். பக்கத்தில், 'சுவை பிடிக்கவில்லை போலும்' என்று ஒரு குறிப்பும் போட்டிருக்கிறேன். வேறு எதையோ தின்று வயிறு நிறைந்த எலிகள் என்பது அந்தப் பதிவேட்டிலேயே இருந்தது. படித்தவள் நான்தான், எனக்குத்தான் தெரியவில்லை.

அப்போதும் ஆத்திரம் அடங்காமல் கேட்டேன். "குடுத்தது யாருக்குமே தெரியாது. இப்ப எதுக்கு வந்து சொல்ற?"

அக்கா அந்த முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பிறகு சொன்னார்.

"எங்கம்மா சிட்டம்மா, நான் வவுத்துல கீறச்சொல்லோ மய இல்லாத வருசம். ஒரு வேள கூழு. வலி எடுக்குற அன்னிக்கு காலைல வரைக்கும் கயனில களையெட்த்துச்சாம். நான் பொறக்கச்சொல்லோ ஒண்ணே முக்கா கிலோ. இருவத்திமூணு வயசுல எனுக்கு பிபி. மொத கொயந்த ஏயாம் மாசத்துல வவுத்துலயே பூட்ச்சி. வலிப்பு வந்து நான் பொயச்சதே பெருசு. அப்போ அல்லாரும் இன்னா கேட்டாங்க தெரியுமா? உப்பு ஜாஸ்தி துன்னியா, ரொம்ப கோவப்படுவியான்னு கேட்டாங்க. எங்கம்மா கெடந்த பட்டினிய ஒருத்தரும் கேக்கல. இப்போ நீங்க, அந்தப் பட்டினில ஒண்ணுமே இல்லன்னு ஒலகத்துக்கே எய்திப் போடப் போறீங்க. என் கடலைய துன்னுட்டுத்தான் அதுங்க நல்லா கீது. அத்த தெரிஞ்சிக்கினு நான் எப்டி சும்மா குந்தினு இருப்பேன்?"

"வேலை போயிடும்க்கா." என் குரல் இறங்கிவிட்டது.

"தெரியும். பயமாத்தான் கீது. நேத்து போண்டாகூட எறங்கல. வா, சார் கிட்ட போலாம்."

சார் முழுவதையும் கேட்டார், குறுக்கே பேசவில்லை. முடித்ததும் ஊறிய கடலையைக் கொண்டுவரச் சொல்லி, அக்காவை ஒரு பிடி அள்ளச் சொல்லித் தராசில் வைத்தார். மூன்று முறை அள்ள வைத்தார். மூன்று முறையும் எடை ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. காகிதத்தில் ஏதோ பெருக்கிப் பார்த்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். "தேவயானி, நாம குறைச்ச புரதத்தில் முக்கால்வாசியை இவங்க திருப்பிக் கொடுத்துட்டாங்க!" என்றார். எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

அலுவலகத்தில் யாரும் சிரிக்கவில்லை. ஒப்பந்த ஆள்தானே, இந்த மாதத்தோடு அனுப்பிவிடுங்கள் என்றார்கள். சார் மேசையைத் தட்டிப் பேசி நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான். "தானா வந்து உண்மையைச் சொன்னவங்களுக்கு வேலை போச்சுன்னா, நாளைக்கு இந்தக் கட்டடத்துல எவனும் எதையும் சொல்ல மாட்டான். அப்புறம் எந்த எலியை நம்பி நான் கையெழுத்துப் போடறது?" விலங்குகளுக்கான நெறிமுறைக் குழு கூடியது. அக்காவுக்கு எழுத்து மூலம் எச்சரிக்கை. பதிவேட்டை எழுதிவிட்டுப் படிக்காத எனக்கும் ஒன்று. அத்தனை உயிரும் வீணாய்ப் போனதே என்று குழுவில் ஒருவர் கேட்டபோது அக்கா தலையைக் குனிந்துகொண்டார், நானும்தான். கடைசியில், இன்னும் பதினாறு எலிகளோடு ஒரே ஒருமுறை திருப்பிச் செய்யலாம் என்று அனுமதி கொடுத்தார்கள்.

இந்த முறை தீனி வைப்பதற்கு வேறு ஆளைப் போடலாம் என்றுதான் பேச்சு. அக்காவே முதலில், "என்னால ஆவாது சாமி, என்ன வுட்ருங்க" என்றார். இரண்டு நாள் கழித்து என் மேசைக்கு வந்தார்.

"வேற ஆளு வந்தா, அந்த ஆளுக்கும் மனசு இளகாதுன்னு இன்னா நிச்சயம்? இளகி குடுத்துட்டு வாயத் தொறக்காம பூட்டா? நானே வெக்கிறேன். எனுக்குத்தான் இது எதுக்குன்னு தெரியும்."

அன்று மாலை ஆய்வகத்தின் ஐந்து கவுன்களையும் வீட்டுக்கு எடுத்துப் போனார். மறுநாள் பார்த்தால், எல்லாக் கவுனிலும் பாக்கெட்டுகளின் வாயை இழுத்துத் தைத்திருந்தார். என் கவுனிலும்தான். பேனா எங்கே வைப்பது என்று கேட்டேன். "காதுல சொருகு" என்றார். முயல்களின் கடலை வாளியை அடுத்த கட்டடத்துக்கு மாற்றி, சாவியை என் கையில் கொடுத்தார்.

எலிக்குக் கர்ப்ப காலம் மூன்று வாரம்தான். அந்த மூன்று வாரம் எங்கள் இருவருக்கும் மூன்று வருடமாகப் போனது. அக்காவின் காலடிச் சத்தம் கேட்டதும் மஞ்சள் அட்டைக் கூண்டுகளில் எட்டும் எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும். "கோச்சிக்காத தாயீ, கோச்சிக்காத" என்று சொல்லிக்கொண்டே குறித்த தீனியை எடைபோட்டு வைப்பார். மீந்தது எவ்வளவு என்று மறுநாள் நான் பார்ப்பேன். மீதியே இல்லை. சுரண்டித் தின்றிருந்தன. பதினாறாம் நாள் அக்கா பாதியில் வெளியே போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதார். நானும் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அழுதால் பிபி ஏறும் என்றேன். "ஏறட்டும், வால்ல கட்டுற பட்டைய என் கையில கட்டிப் பாரு" என்றார். மூக்கைச் சிந்திவிட்டு, முகம் கழுவிக்கொண்டு, மீதிக் கூண்டுகளுக்குத் தீனி வைக்க உள்ளே போனார். என் வாழ்க்கையில் நான் பார்த்த மனஉறுதியில் இதற்கு மேல் ஒன்றில்லை.

குட்டிகள் பிறந்தன, வளர்ந்தன. மூன்றரை மாதம் கழித்து பிபி பார்த்தோம். எலி மிரண்டால் பிபி தப்பாகக் காட்டும், அதனால் அக்கா மடியில் வைத்துத் தடவிக்கொடுக்க, நான் வாலில் பட்டை கட்டினேன். மஞ்சளின் பிள்ளைகளுக்கு பிபி அதிகம். ஒன்றிரண்டுக்கு அல்ல, முக்கால்வாசிக்கு.

ரத்தக் குழாய் வளையத்தைக் கொக்கியில் மாட்டிய அன்று அக்காவைத் திரைக்கு முன்னால் உட்கார வைத்தேன். முதல் மருந்துக்கு இரண்டு கோடும் மேலே ஏறின. இரண்டாவது மருந்தை விட்டேன். பச்சையின் பிள்ளையுடைய கோடு சரசரவென்று கீழே இறங்கியது. மஞ்சளின் பிள்ளையுடைய கோடு பாதி வழியில் நின்றுவிட்டது.

"அவ்ளோதானா? இன்னும் எறங்காதா?"

"இறங்காதுக்கா."

"நல்லாத்தானே சோறு போட்டோம் இதுக்கு, பொறந்ததுலேர்ந்து?"

"போட்டோம்க்கா."

அக்கா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு, அந்த நின்றுபோன கோட்டையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "எங்கம்மாவ கூட்டிக்கினு வந்து இத்த காட்டணும். பாவம், என் தலையெய்த்துன்னு நெனச்சிக்கினு கீது" என்றார். மறுவாரம் கூட்டி வரவும் செய்தார். எங்கள் மையத்துக்கு எத்தனையோ பெரிய மனிதர்கள் வந்து போயிருக்கிறார்கள். சிட்டம்மாள் வந்த அன்று சார் வாசல் வரை போய் அழைத்து வந்தார்.

போன தை மாதம் சென்னையில் ஒரு கருத்தரங்கில் இந்த ஆய்வை வாசித்தேன். அக்காவையும் கூப்பிட்டேன். காலை எட்டு மணிக்கு எலிகளை யார் பார்ப்பது என்று வர மறுத்துவிட்டார். நான் முதல் சுற்றில் நடந்ததையும் மறைக்காமல் சொன்னேன். முடித்ததும் முன்வரிசையில் ஒரு பேராசிரியர் எழுந்தார். தலை நரைத்தவர், இந்தத் துறையில் பழம் தின்று கொட்டை போட்டவர்.

"முதல் சுற்றில் உங்கள் ஊழியர் தீனி கொடுத்துவிட்டார் என்கிறீர்கள். இரண்டாவது சுற்றிலும் அவரேதான் தீனி வைத்தார் என்கிறீர்கள். இரண்டாவது முறை கொடுக்கவில்லை என்று எப்படி நம்புவது?"

அரங்கில் சிலர் சிரித்தார்கள். தைத்த பாக்கெட்டைப் பற்றிச் சொன்னேன், சாவியைப் பற்றிச் சொன்னேன், மீதி இல்லாத தீனிப் பதிவேட்டைக் காட்டினேன்.

"அதெல்லாம் சரி. ஆனால் இருபத்தோரு நாளும் கூண்டைத் திறந்தது ஒரே கை. அந்தக் கைக்கு என்ன உத்தரவாதம்?"

எனக்கு வழக்கம்போல் கோபம் வந்தது. ஆனால் இந்த முறை கத்தவில்லை.

"அவர் பெயர் பிரிஸ்கில்லா. கொடுத்தபோது, நாங்கள் யாரும் கேட்காமல், வேலை போகும் என்று தெரிந்தே வந்து கொடுத்தேன் என்று சொன்னவர். இப்போது கொடுக்கவில்லை என்கிறார்."

 பேராசிரியர் ஒப்புக்கொள்வதுபோல் தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்தார். அன்று அந்த மேடையில் நான் சொன்னவற்றில், இன்னொரு முறை சோதித்துப் பார்க்கத் தேவையே இல்லாதது அது ஒன்றுதான்.